கண்ணாடி ஜாடிக்குள் அடைத்த கோடை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களிலும் நடுமேற்குச் சமவெளியிலும் ஆகஸ்டு மாதக் கடைசி வந்துவிட்டால், வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஓய்வு ஒழிச்சல் இராது. ஜூலையில் ஒன்றிரண்டாகக் காய்த்த தக்காளி இப்போது கூடை கூடையாகப் பழுக்கும். பீன்ஸ், மக்காச்சோளம், வெள்ளரி, பீட்ரூட், பீச், பேரி, ஆப்பிள் என்று எல்லாம் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள் வந்து குவியும். ஆனால் இந்தச் செழிப்புக்கு ஒரு கெடு உண்டு. செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, வானம் தெளிந்து காற்று அடங்கிய ஓர் இரவில் முதல் உறைபனி இறங்கும். தரையின் வெப்பம் தடையின்றி வானவெளிக்குப் போய்விட, இலைகளிலுள்ள நீர் பனிக்கட்டியாகித் திசுக்களைக் கிழித்துவிடும். மறுநாள் காலையில் தக்காளிச் செடியும் பீன்ஸ் கொடியும் வெந்த கீரைபோல் கருத்துத் துவண்டு கிடக்கும். அதன்பின் ஏப்ரல், மே வரையில் அந்த மண்ணில் பச்சையைக் காண முடியாது.

ஆறு வார விளைச்சலை ஆறேழு மாதங்களுக்கு எப்படி நீட்டுவது? குளிர்நாட்டுக் குடும்பங்களின் அடுக்களை வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கண்ட விடைகளின் வரலாறே. அவற்றுள் ஒரு விடை, அதாவது கண்ணாடி ஜாடியில் அடைத்துக் கொதிக்க வைக்கும் முறை, விஞ்ஞானத்தோடு விசித்திரமான உறவு கொண்டது. அந்த முறை பிறந்தபோது அது ஏன் பலிக்கிறது என்று அதைக் கண்டவருக்கே தெரியாது. தெரிந்ததாக நினைத்தவர்கள் சொன்ன காரணமோ தவறு. அந்தத் தவறு பிற்காலத்தில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

நிலவறையும் உப்பும்

ஜாடி வருவதற்கு முன்பும் மக்கள் சும்மா இருக்கவில்லை. வீட்டின் அடியிலோ, மேட்டுச் சரிவிலோ தோண்டிய நிலவறையில் காரட்டையும் பீட்ரூட்டையும் மணலில் புதைத்து வைத்தனர். உறையாமலும் அதிகம் சூடேறாமலும் இருக்கும் மண்ணின் நடுத்தர வெப்பநிலை அவற்றைக் காத்தது. ஆப்பிளை வில்லைகளாக நறுக்கி, நூலில் கோத்து, அடுப்பங்கரை உத்தரத்தில் தொங்கவிட்டு உலர்த்தினர். முட்டைக்கோசைச் சீவி உப்பிட்டு மிடாக்களில் அழுத்தி வைத்தால் அது புளித்து மாதக்கணக்கில் கெடாது. வெள்ளரிப் பிஞ்சு காடிக்குள் போயிற்று. பழம், சர்க்கரைப் பாகுக்குள் போயிற்று.

இவை எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீரை எடுத்துவிடுவது, அல்லது அவை வாழ முடியாத அளவு உப்போ, சர்க்கரையோ, அமிலமோ சேர்ப்பது. நம் வற்றலும் வடகமும் ஊறுகாயும் இதே கணக்குத்தான். ஆனால் சித்திரை வெயிலைக் கூலியின்றிப் பெறும் நமக்குச் சுலபமாக இருப்பது, செப்டம்பர் மாதத்து ஈரக்காற்றில் நிற்கும் நியூ இங்கிலாந்து வீட்டுக்காரிக்குச் சுலபமில்லை. அன்றியும், உப்பிட்ட பீன்ஸ் பீன்ஸாக இராது. உலர்ந்த பீச் பீச்சாக இராது. பறித்த அன்றைய சுவையோடு ஒரு காயைப் பிப்ரவரியில் உண்பது என்பது 1800-ஆம் ஆண்டு வரையில் யாருக்கும் கைகூடவில்லை.

ஒரு மிட்டாய்க்காரரின் புட்டிகள்

அதைச் சாதித்தவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1749-இல் ஷாலோன் நகரில் ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்த இவர், பாரிசில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். பள்ளிப் படிப்பைவிட அடுப்படிப் பழக்கமே இவருடைய மூலதனம். பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர நாட்களில் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார். வெளியே வந்த பிறகு, ஏறத்தாழ 1795 முதல், ஒரே ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தார். காய், பழம், சாறு, இறைச்சி என்று எதையும் அகன்ற வாய்ப் புட்டியில் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கம்பியால் கட்டி, கொதிநீரில் மூழ்க வைத்துக் காய்ச்சினார். எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை அனுபவத்தால் மட்டுமே கண்டறிந்து குறித்து வைத்தார். வெடித்த புட்டிகளுக்கும் நாறிப்போன புட்டிகளுக்கும் கணக்கிருந்திருக்காது.

பிரெஞ்சுக் கடற்படை இவருடைய புட்டிகளைக் கப்பல்களில் ஏற்றிச் சோதித்துத் திருப்தி கொண்டது. 1810-இல் அரசாங்கம் இவருக்கு 12,000 பிராங்க் வழங்கியது. நிபந்தனை ஒன்றுதான்: முறையை மறைக்காமல் அச்சிட்டு வெளியிட வேண்டும். அவ்வாறே அதே ஆண்டில் நூல் வெளிவந்தது. பேடண்ட் உரிமை எடுத்துத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், வீட்டு அடுப்படியில் எவரும் செய்யலாம் என்று அப்பேர் எழுதிக் கொடுத்துவிட்டார். 1814-இல் அந்நியப் படைகள் பிரான்சுக்குள் புகுந்தபோது மாசி என்ற ஊரிலிருந்த அவருடைய தொழிற்சாலை பாழாயிற்று. 1841-இல் வறுமையில் இறந்தார். பொதுக் குழியில் புதைத்தனர்.

தவறான விளக்கம்

புட்டிக்குள் உணவு ஏன் கெடவில்லை? அப்பேருக்கு இதில் அக்கறை குறைவு. நெருப்பின் செயல் ஒருவிதமாக நொதித்தலைத் தடுக்கிறது என்ற அளவோடு அவர் நின்றுகொண்டார். புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் கே-லூசாக்கிடம் கேள்வி போயிற்று. அவர் அப்பேரின் புட்டிகளைத் திறந்து உள்ளிருந்த காற்றை ஆராய்ந்தார். அதில் பிராணவாயு இல்லை. எனவே, கெடுதலுக்குக் காரணம் பிராணவாயு. காற்றை விலக்கினால் போதும், உணவு கெடாது என்று முடிவு கட்டினார்.

இவ்வளவுக்கும் சரியான பாதை முன்பே போட்டுத்தான் இருந்தது. இத்தாலியரான ஸ்பல்லன்சானி 1760-களில், மூடிய குடுவையில் வைத்து நெடுநேரம் காய்ச்சிய இறைச்சிச் சாற்றில் நுண்ணுயிர்கள் தோன்றுவதில்லை என்று காட்டியிருந்தார். ஆனால் கே-லூசாக்கின் பெயருக்கு முன் அது எடுபடவில்லை. லூயி பாஸ்டர் 1860-களில் தம் வளைகழுத்துக் குடுவைகளைக் கொண்டு, கெடுப்பது காற்றன்று, காற்றோடு வரும் உயிர்த்துகள்களே என்று நிலைநாட்டும் வரையில் அரை நூற்றாண்டு காலம் பிராணவாயுக் கொள்கையே ஆண்டது. அறிஞர் உலகில் அது பாஸ்டரோடு மடிந்தது. அடுப்படிகளில் மடியவில்லை. 'காற்றுப் புகாமல் மூடு' என்பதே முக்கியம், காய்ச்சுவது இரண்டாம் பட்சம் என்ற எண்ணம் பாட்டி வழியாகப் பேத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. திறந்த பாத்திரத்தில் காயை வேக வைத்து, சூட்டோடு ஜாடியில் ஊற்றி, மூடியை இறுக்கிவிடும் 'திறந்த அண்டா' முறை இந்த எண்ணத்தின் குழந்தை.

மரை வெட்டிய கழுத்து

இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் 1810-லேயே தகரக் கலங்களையும் சேர்த்து பேடண்ட் உரிமை பெற்றுவிட்டார். 1813-க்குள் லண்டனில் டப்பாத் தொழிற்சாலை எழுந்தது. உளியும் சுத்தியலும் கொண்டு திறக்க வேண்டிய அந்த டப்பாக்கள் கப்பலுக்கும் படைக்கும் சென்றன. தோட்டக்கார வீட்டுக்கு அவை உதவவில்லை. தகரத்தைப் பற்றவைக்க ஆள் வேண்டும். ஒருமுறை திறந்த டப்பா குப்பைக்குத்தான். கண்ணாடியோ திரும்பத் திரும்பப் பயன்படும். ஆனால் அதன் வாயை மூடுவதுதான் தொல்லை. மூடியைப் பதித்து, சுற்றிலும் உருக்கிய அரக்கை ஊற்றினார்கள். அரக்கு விரிசல் விட்டது.

இதைத் தீர்த்தவர் நியூ ஜெர்சியில் பிறந்த ஜான் லாண்டிஸ் மேசன் என்ற இளந் தகர வேலைக்காரர். 1858 நவம்பர் 30 அன்று அவர் பெற்ற பேடண்ட் உரிமை, ஜாடியின் கண்ணாடிக் கழுத்திலேயே மரை வார்க்கும் முறைக்காக. துத்தநாக மூடியைத் திருகினால், அது ஒரு ரப்பர் வளையத்தை ஜாடியின் தோளில் அழுத்தும். அவ்வளவுதான் கருவி. மற்றதைக் காற்றுமண்டலம் செய்தது. காய்ச்சும்போது உள்ளிருக்கும் காற்றும் நீராவியும் மூடியடியில் கசிந்து வெளியேறும். ஆறும்போது எஞ்சிய ஆவி நீராகச் சுருங்கி உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்றின் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் வீதம், மூடியைக் கவ்விப் பிடிக்கும். பின்னர், துத்தநாகம் உணவைத் தொடாதிருக்க மூடியின் உட்புறம் வெண்கண்ணாடித் தகடு சேர்ந்தது. 1915-இல் தட்டையான உலோகத் தகடும் தனி மரை வளையமும் கொண்ட இரட்டை மூடி வந்தது. ஆறும்போது இந்தத் தகடு 'டிக்' என்று உட்குழியும். அந்த ஓசையை எண்ணியே, எத்தனை ஜாடி தேறின என்று வீட்டார் கணக்குச் சொல்வார்கள்.

மேசனுக்குப் பணம் சேரவில்லை. உரிமைக் காலம் முடிந்தபின் ஆளாளுக்கு ஜாடி வார்த்தார்கள். இயற்கை வாயு மலிவாகக் கிடைத்த இந்தியானா மாநிலத்தில் பால் சகோதரர்களின் ஆலை பெரிதாக வளர்ந்தது. 1902-இல் மேசன் ஏழையாகவே மறைந்தார். பல்லாண்டுகள் வரையில் ஜாடிகளின் வயிற்றில் அவருடைய பெயரும் 1858-ஆம் ஆண்டுத் தேதியும் பொறிக்கப்பட்டு வந்தன என்பதே அவருக்குக் கிடைத்த மிச்சம். ஜெர்மனியில் 1900-இல் தொடங்கிய வெக் நிறுவனத்தின் ஜாடிகள் பரவி, அந்தப் பெயரிலிருந்து 'ஜாடியில் அடைத்தல்' என்ற பொருளில் ஒரு வினைச்சொல்லே ஜெர்மன் அகராதியில் ஏறியது.

அந்த ரப்பர் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறையை சார்லஸ் குட்இயர் கண்டிராவிட்டால் மேசனின் ஜாடி இல்லை. கச்சா ரப்பர் கொதிநீரில் பிசுபிசுத்துவிடும். முதலில் ரப்பர் அமேசான் காடுகளிலிருந்து வந்தது. 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகளின் வழியாக இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்கள் தோன்றிய பிறகு, உலக ரப்பரில் பெரும்பங்கை மலேயா அளித்தது. அங்கே விடியற்காலையில் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள் மிகப் பலர். அந்தப் பாலின் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா.

சிறுமிகளின் தக்காளிச் சங்கங்கள்

ஜாடி வேலையைப் பள்ளிப் பாடமாக்கியவர் தென் கரோலினாவின் ஏய்க்கன் வட்டாரத்தைச் சேர்ந்த மேரி குரோமர் என்ற கிராமப் பள்ளி ஆசிரியை. அக்காலத்தில் பையன்களுக்கு மக்காச்சோளச் சங்கங்கள் இருந்தன, பெண்களுக்கு ஒன்றுமில்லை. 1910-இல் அவர் சிறுமிகளைச் சேர்த்து, ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர் நிலத்தில் தக்காளி பயிரிடச் செய்தார். விளைந்ததை அவர்களே அடைத்து விற்றார்கள். செலவுக் கணக்கை அவர்களே எழுதினார்கள். வந்த பணம் அவர்களுடையது. தகப்பனின் கையை எதிர்பாராமல் ஒரு பெண் சொந்தமாகக் காசு வைத்திருப்பது அந்தக் கிராமங்களில் புதுமை. இயக்கம் தென் மாநிலங்களெங்கும் பரவியது. 1914-இல் சட்டம் ஒன்றின் மூலம் விவசாயக் கல்லூரிகளின் விரிவாக்கப் பணி நாடு முழுவதற்கும் வந்தபோது, வீடு தேடிச் சென்று செய்முறை காட்டும் பெண் அலுவலர்களுக்கு இந்தச் சங்கங்களே அடித்தளமாயின.

தக்காளியைத் தேர்ந்தது நல்லதாய்ப் போயிற்று. அது புளிப்புள்ள பழம். அந்தச் சிறுமிகள் பீன்ஸைத் தேர்ந்து, அதே கொதிநீரில் காய்ச்சியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

காற்றை வெறுக்கும் கிருமி

ஜெர்மனியில் வூர்ட்டம்பர்க் பகுதியில் இரத்தக் குழலிறைச்சி உண்டவர்கள் சிலர் கண்ணிமை சரிந்து, விழுங்க முடியாமல், நினைவு தப்பாமலே மூச்சு நின்று இறப்பதை மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவாக எழுதி வைத்தார். 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில், இழவு வீட்டில் வாசித்துவிட்டு வந்த இசைக் குழுவினர் உப்பிட்ட பன்றி இறைச்சி உண்டார்கள். மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்று சொல்வது அதைத்தான். அது உண்டாக்கும் நோய் பாட்டுலிசம்.

இந்தக் கிருமிக்கு மூன்று குணங்கள். அது மண்ணில் எங்கும் உண்டு. ஆகவே காய்கறியோடு வீட்டுக்குள் வருகிறது. சூழ்நிலை சரியில்லாதபோது கெட்டியான வித்தாகி உறங்கும். அந்த வித்து கொதிநீருக்கு அஞ்சாது. மூன்றாவது குணந்தான் விபரீதம். பிராணவாயு இருந்தால் அது வளராது, இல்லாவிட்டால்தான் வளரும். கே-லூசாக்கின் சொல்லை நம்பி, காற்றை முழுவதும் விலக்கி, மூடியை இறுக்கிய ஒவ்வொரு வீட்டுக்காரியும் மற்றக் கிருமிகளையெல்லாம் கொன்று, இந்த ஒன்றுக்கு மட்டும் தனி அறை கட்டிக் கொடுத்தாள்.

புளிப்புள்ள பண்டத்தில், அதாவது பி.எச். அளவு 4.6-ஐத் தாண்டாத இடத்தில், வித்து முளைப்பதில்லை. ஆகவே பீச்சும் ஆப்பிளும் காடியில் இட்ட வெள்ளரியும் வெறும் கொதிநீரோடு தப்பிவிடும். பீன்ஸ், மக்காச்சோளம், பீட்ரூட், உருளைக்கிழங்கு, இறைச்சி ஆகியவை தப்பா. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த எர்னஸ்ட் டிக்சன் என்ற மருத்துவர் 1910-களில் கலிபோர்னியாவில் வீட்டு ஜாடிகளால் நேர்ந்த மரணங்களைத் தேடித் தொகுத்தார். சில இடங்களில், சந்தேகப்பட்டுக் கொல்லையில் கொட்டிய ஜாடி உணவைக் கொத்தித் தின்ற கோழிகள் கழுத்துத் துவண்டு செத்தன. வீட்டுக்காரியோ, கொட்டுவதற்கு முன் கெட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு கரண்டி வாயில் விட்டிருப்பாள். அது போதும். ஜாடியில் துர்நாற்றம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

தொழிற்சாலைகள் சற்று முன்னால் சென்றன. 1860-களில் பால்டிமோரில் கால்சியம் குளோரைடு கலந்த நீரில் காய்ச்சி 116 பாகை செல்சியஸ் வரையில் சூட்டை ஏற்றினார்கள். பிறகு நீராவி அழுத்தக் கொப்பரைகள் வந்தன. ஆனால் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது அப்போதும் கைப்பழக்கந்தான். பாஸ்டன் நகர டப்பா உற்பத்தியாளர் வில்லியம் அண்டர்வுட், ஊதிப் புடைத்த சிப்பி டப்பாக்களை எடுத்துக்கொண்டு 1895-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கதவைத் தட்டினார். அங்கே இளம் ஆய்வாளர் சாமுவேல் பிரெஸ்காட்டும் அவரும் சேர்ந்து, கொதிநீரில் பிழைக்கும் வித்துக்களே காரணம் என்றும், அழுத்தத்தின்கீழ் 121 பாகையில் பத்து நிமிடம் வைத்தால் அவை ஒழியும் என்றும் கண்டார்கள். டப்பா உணவு விஞ்ஞானம் அங்கே தொடங்கியது எனலாம்.

இருந்தும் 1919, 1920 ஆண்டுகளில் கண்ணாடியில் அடைத்த கலிபோர்னியா ஆலிவ் பழங்களை உண்டு ஒகையோ, மிச்சிகன் முதலிய மாநிலங்களில் விருந்தினர் இறந்தனர். நாடு அதிர்ந்தது. ஆய்வுக் குழு அமைந்தது. அதில் எஸ்டியும் கார்ல் மேயரும் 1922-இல் வெளியிட்ட அளவுகள் இன்றும் அடிப்படையாக உள்ளன. அவர்கள் கண்டபடி, இந்த வித்துக்களில் மிக வலியவை 100 பாகையில் சாவதற்கு 330 நிமிடம் பிடிக்கும். 120 பாகையிலோ நான்கே நிமிடம். ஐந்தரை மணி நேரக் கொதிக்கும் நான்கு நிமிடத்துக்கும் உள்ள வேற்றுமை, சமையலறை மேசையில் ஓர் அழுத்தக் கொப்பரை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேற்றுமைதான். நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் போன்றதே அது. மேல்மூடியில் அழுத்தமானி இருக்கும், ஏழெட்டு ஜாடி கொள்ளும்.

அமெரிக்க விவசாயத் துறை 1917-லேயே, புளிப்பில்லாத காய்களுக்கு அழுத்தக் கொப்பரை ஒன்றுதான் வழி என்று அறிவித்துவிட்டது. ஆனால் கொப்பரைக்கு விலை உண்டு. பாட்டியின் முறைக்கு விலை இல்லை. பல ஊர்களில் பள்ளிக்கூடத்திலோ பொதுக் கூடத்திலோ கொப்பரைகளை வைத்து, முறை வைத்துப் பயன்படுத்தச் செய்தார்கள்.

போர்க்கால அலமாரிகள்

இரண்டாம் உலகப் போரில் இந்த வேலை உச்சத்துக்குப் போயிற்று. தகரம் படைக்குத் தேவைப்பட்டது. ரயில் பெட்டிகளும் அப்படியே. 1943-இல் சுமார் இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்ததாகவும், நாட்டின் புதிய காய்கறியில் ஏறத்தாழ 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்ததாகவும் மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் வீடுகளில் அடைத்த ஜாடிகள் 400 கோடிக்கு மேல் என்பதும் அக்கால மதிப்பீடே. 1942 முதல் சர்க்கரைக்கு ரேஷன். ஜாடி அடைப்பவர்களுக்கு மட்டும் கூடுதல் பங்கு உண்டு.

ரப்பர் வளையம் அந்த ஆண்டுகளில் அரும்பொருளாயிற்று. 1942 பிப்ரவரிக்குள் மலேயா முழுவதும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன. இந்தியானாவில் ஒரு பெண்மணி பழைய வளையத்தை இழுத்துப் பார்த்து, இன்னொரு பருவம் தாங்குமா என்று யோசித்த அதே காலத்தில், அந்த ரப்பரைச் சீவிய தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் சயாம் - பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டுக் காட்டில் மாண்டனர்.

போருக்குப் பின் குளிர்ப்பதனப் பெட்டியும் கடைச் சரக்கும் ஜாடியின் இடத்தைப் பிடித்தன. விலைவாசி ஏறிய 1970-களில் மக்கள் மீண்டும் தோட்டத்துக்குத் திரும்ப, 1975-ஐ ஒட்டி மூடிகளுக்கே பஞ்சம் வந்தது. 2020-இல் கொரோனாக் காலத்திலும் அதுவே நடந்தது. திரும்பியவர்களில் பலருக்கு அம்மாவின் ஜாடிகள் கிடைத்தன. அம்மாவின் கொப்பரை கிடைக்கவில்லை. 1977-இல் மிச்சிகன் மாநிலத்து உணவுக்கூடம் ஒன்றில், வீட்டு முறையில் அடைத்த மிளகாயால் 59 பேர் பாட்டுலிசத்துக்கு ஆளாயினர்.

விவசாயத் துறையின் 1988-ஆம் ஆண்டுக் கையேடு தக்காளியைக்கூட நம்பவில்லை. தக்காளியின் பி.எச். சில வேளைகளில் 4.6-ஐ எட்டிவிடுவதால், ஒரு லிட்டர் அளவுள்ள ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடும்படி அது சொல்லிற்று. மலைப்பகுதிகளுக்குத் தனி அட்டவணையும் தந்தது. 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும் அல்லவா!

2015 ஏப்ரலில் ஒகையோ மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில் மாதாகோவில் உறுப்பினர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடி உண்டனர். அதில் ஒரு உருளைக்கிழங்கு சாலட். கிழங்கை வீட்டில் ஜாடியில் அடைத்தவர் கொதிநீரில்தான் காய்ச்சியிருந்தார். 29 பேர் நோயுற்றனர். மூச்சுத் திணறி ஒருவர் இறந்தார். உண்டவர் எவரும் சுவையில் குறை கண்டதாகச் செய்தி இல்லை.